தீர்த்தக் குளத்துக்கு வந்த கழிவும் முகநூலுக்குப் போன அறிக்கையும்: அம்பாறைக் கரையோரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்பாறைக் கரையோரத்தில் ஒரு தமிழ்க் கிராமம், அதை ஒட்டி ஒரு முஸ்லிம் கிராமம். நடுவில் ஒரு வீதியும் ஒரு வாய்க்காலும். இரு ஊருக்கும் ஒரே பிரதேச சபை. தமிழ்க் கிராமத்தின் மேற்கு எல்லையில் கண்ணகி அம்மன் ஆலயம் இருக்கிறது. வைகாசியில் திருக்கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு சடங்கு முடியும் வழமை அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. அடியார்கள் நீராடும் குளத்துக்கு அந்த வாய்க்காலில் இருந்துதான் தண்ணீர் வருகிறது. ஊர், ஆலயம், பள்ளிவாசல், சபை, ஊடகங்கள் எவற்றின் பெயரும் இங்கே தரப்படவில்லை. அடையாளம் காட்டக்கூடிய விபரங்களும் நீக்கப்பட்டுள்ளன.

ஆண்டு முழுவதும் இரு ஊரும் ஒன்றில் ஒன்று தங்கியே வாழ்கின்றன. முஸ்லிம் ஊரவரின் வயலிலும் அரிசி ஆலையிலும் தமிழ்ப் பெண்கள் கூலி வேலை செய்கிறார்கள். தமிழ் ஊரின் வாரச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகள் புடவையும் மரக்கறியும் விற்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால், பின்னால் வந்த நட்டம் யாருடைய மடியில் விழுந்தது என்பது விளங்காது.

கதவு திறப்பதற்கு எட்டு வாரம் இருக்கும்போது, மதகுக்குக் கீழே உரப்பைகளில் கட்டிய இறைச்சிக் கழிவு கிடப்பதை ஆலயத்தின் பூசகரான கப்புகனார் முதலில் கண்டார். ஆலய நிர்வாகத்தின் தலைவரான பிரதம வண்ணக்கர், பிரதேச சபையின் செயலாளருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் பிரதியில் திகதி முத்திரை வாங்கவில்லை. மூன்று வாரம் கழித்து இரண்டாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அதற்கும் பதில் வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி கழிவை அகற்றும் கடமை சபைக்கே உரியது. ஆகவே முறைப்பாடு சரியான இடத்துக்குத்தான் போயிருந்தது. போனதைக் காட்டுவதற்குக் கையில் இருந்தது ஒரு தபால் பற்றுச்சீட்டு மட்டுமே.

மீன் செத்து மிதந்த நாள்

கதவு திறக்கப் பதினாறு நாள் இருக்கும்போது விடியற்காலையில் குளத்தில் மீன்கள் செத்து மிதந்தன. இறைச்சிக் கழிவு அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். அந்த அளவு விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும். நஞ்சு கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு எட்டு மணிக்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டது. உண்மையில் நஞ்சு தேவையே இல்லை. நாலைந்து பை குடலும் இரத்தமும் ஆழமில்லாத குளத்துக்குப் போதும்.

ஊரின் இளைஞர் அணி ஒன்று அன்று மாலை 47 வினாடிக் காணொளி எடுத்தது. இரவு 9.20க்கு முகநூலில் பதிவிட்டது. காணொளி உண்மையானது. அதனுடன் போன 31 வரி அறிக்கைதான் பிரச்சினை.

முதல் பன்னிரண்டு வரிகளில் குளமே இல்லை. ஆயிரம் ஆண்டு அடிமைத்தனம், அயோத்தி, விழித்தெழும் இந்து என்று போயிற்று. பதின்மூன்றாம் வரியில் ‘ஜிகாத்’ வந்தது. சபைக்குக் கொடுத்த இரண்டு கடிதங்களும் 27ஆவது வரியில் இருந்தன, திகதி இல்லாமல். வாய்க்கால் எது, மதகு எது, எந்தச் சபை என்பது எங்குமே இல்லை. கூடவே வட இந்தியப் பக்கம் ஒன்றில் இருந்து எடுத்த காவி வண்ணப் பசு ஓவியமும், மாட்டுத் தலைகள் குவிந்து கிடக்கும் ஒரு புகைப்படமும் சேர்க்கப்பட்டிருந்தன. அந்தப் புகைப்படம் வாய்க்காலில் எடுத்தது அல்ல. படத்தைத் தேடுபொறியில் ஏற்றிப் பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு நாட்டில் வெளியான படம் என்று தெரிந்தது. அதை இணைத்தவர், தன்னிடம் இருந்த படங்களில் தெளிவானது அதுதான் என்று பின்னர் சொன்னார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. ஆனால் அந்த ஒரு படம் உண்மையான 47 வினாடியையும் பொய்யாக்கிவிட்டது.

செய்தி எப்படி வந்தது

மறுநாள் காலை மூன்று விதமாக வந்தது. தமிழ் இணையத்தளம் ஒன்று மாட்டுத் தலைகளை வீசி ஆலயத்தை அவமதித்ததாகத் தலைப்பிட்டு அந்தப் பழைய படத்தையே முகப்பில் போட்டது. முஸ்லிம் வாசகர் அதிகமுள்ள முகநூல் பக்கம் ஒன்று, ஆர்.எஸ்.எஸ். கிழக்கில் கால் பதித்துவிட்டது என்று எழுதி, அறிக்கையின் பதின்மூன்றாம் வரியை வட்டமிட்டுக் காட்டியது. நாளிதழ் ஒன்றின் பிராந்தியச் செய்தியாளர் இரு ஊரிலும் பேசி, கடிதங்களையும் குறிப்பிட்டு, ஒழுங்காகவே எழுதி அனுப்பியிருந்தார். கொழும்பில் அது ஐந்து வரியாக வெட்டப்பட்டது. கடிதங்கள் போயின. ‘பதற்றம்’ என்ற தலைப்பு மட்டும் நின்றது.

மூன்றில் எவரும் பிரதேச சபைக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை. இது அழுத்திச் சொல்ல வேண்டிய குறை. இரு சமூகம் மோதுகிறது என்ற வார்ப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. அதற்குள் கழிவு வண்டியும் செயலாளரும் பொருந்தவில்லை. ஊடகங்கள் இந்து விரோதமானவை என்று இளைஞர் அணி அன்று மாலை எழுதியதில் ஒரு பாதி நியாயம் உண்டு. கடிதங்களை எவரும் மதிக்கவில்லை. மறு பாதியையும் பார்க்க வேண்டும். செய்தியாளருக்கு முதலில் கிடைத்தது அவர்கள் எழுதிய முதல் பன்னிரண்டு வரிகள்தான். பக்கச்சார்பு தனக்கு வேண்டிய தீனியை அங்கிருந்தே எடுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் சந்தைக்குப் போகவேண்டாம் என்ற செய்தி வட்ஸ்அப்பில் ஓடியது. புடவை வியாபாரி ஒருவரும் மரக்கறி வியாபாரிகள் இருவரும் வரவில்லை. அரிசி ஆலையில் இருந்து பதினொரு தமிழ்ப் பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அறிக்கை எழுதியவர்கள் எவரது வீட்டிலும் அந்த நட்டம் விழவில்லை.

நாலாம் நாள் கூட்டம்

கதவு திறக்கப் பதின்மூன்று நாள். ஆலய மண்டபத்தில் கூட்டம். பிரதம வண்ணக்கர், குடி எனப்படும் குலப் பிரிவுகளின் பிரதிநிதிகள், இளைஞர் அணியில் நால்வர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கிராம உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோர் இருந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவரை வண்ணக்கரே தொலைபேசியில் அழைத்தார். “காக்கா (அண்ணன்), நீங்க வந்து ஒருக்கா கேளுங்க. பேசவேண்டியதை எங்களுக்கு முன்னால பேசுங்க” என்றார். அவர் வந்தார்.

முதல் வாக்குவாதம் ஒலிபெருக்கி பற்றியது. ஆலயத்தில் இருந்து அறிவித்து ஊரைத் திரட்டவேண்டும் என்று இருவர் கேட்டார்கள். அது மறுக்கப்பட்டது. 2015 செப்டெம்பரில் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் பசு வதை பற்றிய கோயில் ஒலிபெருக்கி அறிவிப்புக்குப் பின் ஒரு கூட்டம் வீடு புகுந்து ஒருவரைக் கொன்றதை ஆசிரியர் நினைவூட்டினார். அம்பாறையிலேயே 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு நடந்தது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முஸ்லிம் உணவகமொன்றின் கொத்துரொட்டியில் மலட்டுத்தன்மை மாத்திரை என்ற வதந்தி, சிங்களம் சரியாக விளங்காத காசாளர் தலையசைத்ததை ஒப்புதலாகக் காட்டிய காணொளி, அதைத் தொடர்ந்து கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டமை. அது மாத்திரை அல்ல, மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னபோது, கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்ட திகனையும் எரிந்து முடிந்திருந்தது.

இரண்டாவது வாக்குவாதம் நீண்டது. தவறான படத்தை நீக்கி, நீக்கியதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். அணியின் பொறுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்படிச் செஞ்சா தோத்துப்போன மாதிரி ஐயா. இந்தியாவில பாருங்க, அவங்க பின்வாங்கிறதே இல்ல” என்றார். இந்தக் கருத்து கிழக்கின் பல இளைஞர் அணிகளிடம் இருக்கிறது. அதனால் இதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்.

இந்தியாவில் இருந்து எடுத்த மொழி, எடுக்காத பாடம்

பின்வாங்குவதில்லை என்பதே சரியல்ல. 2019 டிசெம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. முதலில் குடியுரிமைச் சட்டம், பிறகு நாடு முழுவதற்கும் குடிமக்கள் பதிவேடு என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா வரிசை சொல்லி வந்திருந்தார். போராட்டம் வெடித்த பின் அதே டிசெம்பர் 22ஆம் திகதி டில்லி ராம்லீலா மைதானத்தில், பதிவேடு பற்றி அரசில் பேச்சே எழவில்லை என்று பிரதமர் மோடி சொன்னார். ஒரே அரசின் இரு குரல்கள். சட்டம் எதைச் செய்கிறது என்று முதல் நாளே ஒரு பக்கத்தில் எளிமையாக விளக்கியிருந்தால் பாதிக் குழப்பம் தவிர்ந்திருக்கும். அவ்வளவு பலமும் பணமும் உள்ள பாரதிய ஜனதா கட்சியே இப்படித் தடுமாறியது. அதன் பேச்சு நடையை மாதிரியாக எடுப்பதற்கு முன் இதைக் கவனிக்கவேண்டும்.

அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் இருந்து 2014 டிசெம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தவருக்கே அது பொருந்தும். தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர், இந்துக்களாக இருந்தாலும், அதற்குள் வரமாட்டார்கள். அயோத்தியைப் பற்றிப் பன்னிரண்டு வரி எழுதிய நால்வரில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. கூட்டத்தில் ஆசிரியர் சொன்னபோது சற்று நேரம் எவரும் பேசவில்லை.

2022 மே மாத இறுதியில் பாரதிய ஜனதா கட்சியின் தேசியப் பேச்சாளர் ஒருவர் தொலைக்காட்சி விவாதமொன்றில் நபிகள் பற்றிப் பேசினார். விவாதத்துக்குள் அது சூடான ஒரு பதில். ஜூன் 5ஆம் திகதி கத்தார், குவைத், ஈரான் ஆகிய நாடுகள் இந்தியத் தூதுவர்களை அழைத்துக் கண்டித்தன. அன்றே கட்சி அவரை இடைநிறுத்தியது. தேசியப் பேச்சாளரின் கருத்தையே விளிம்பு நிலைச் சக்திகளின் கருத்து என்று தோகாவிலுள்ள தூதரகம் விளக்கவேண்டி வந்தது. உள்ளூர்க் கைதட்டலுக்காகச் சொன்னதை வெளியூரும் கேட்கும் என்பதை அவர் எண்ணவில்லை. இந்தக் கிராமத்திலும் அதுவே நடந்தது. அணியில் ஒருவரின் அண்ணன் கத்தாரில் வேலை செய்கிறார். அவருடைய அறையில் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் பொடியன்கள் மூவர். பதிவு வந்த இரவே அவர் தம்பியை அழைத்து, தான் அந்த அறையில்தான் படுக்கவேண்டும் என்று சொன்னாராம்.

ஊடகப் பக்கச்சார்பு என்ற முறைப்பாட்டையும் அங்கிருந்தே எடுத்திருந்தார்கள். அதை வெறும் சாட்டு என்று தள்ளுவது நேர்மையாகாது. 1990இல் காஷ்மீர்ப் பண்டிதர்கள் என்ற இந்துக்கள் வெளியேறியதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்ற அவர்களது நெடுநாள் மனக்குறை கேட்கத்தக்கது. ஆனால் அதே இந்துத்துவ அரசியலுக்குச் சாதகமான ஊடகம் செய்ததையும் பக்கத்தில் வைக்கவேண்டும். 2020 மார்ச்சில் தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமியப் பிரசார அமைப்பின் டில்லிக் கூட்டத்தை முன்வைத்து ‘கொரோனா ஜிகாத்’ என்று பல அலைவரிசைகள் ஓட்டின. ஓகஸ்ட் மாதம் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு உறுப்பினர்கள் மீதான வழக்குகளை இரத்துச் செய்து, அவர்கள் பலிக்கடாவாக்கப்பட்டதாகவும் ஊடகப் பிரசாரம் நடந்ததாகவும் கூறியது. கிராம இளைஞர்கள் குளத்துக்குப் பயன்படுத்திய சொல் அந்த வார்ப்பில் இருந்துதான் வந்தது. சொல்லை எடுத்தவுடன் அதற்கு எதிரான சந்தேகமும் கூடவே வந்து சேர்ந்தது. வாசகர் பாதிப்பேர் குளத்தைப் பற்றிப் படிக்கவே இல்லை.

எடுத்த முடிவுகள்

காணொளி நிற்கட்டும், படமும் அறிக்கையும் நீங்கட்டும் என்று இரவு பத்து மணிக்கு முடிவானது. காணொளியையும் நீக்கினால் எல்லாமே பொய் என்றாகிவிடும் என்பதே காரணம். திருத்தம் புதிய பதிவாகப் போகாமல், பழைய பதிவின் முதல் வரியாகவே சேர்க்கப்பட்டது. புதிய பதிவு பழையதைப் பகிர்ந்தவர்களுக்குப் போய்ச் சேராது. அணியின் பொறுப்பாளர் கடைசிவரை உடன்படவில்லை. வண்ணக்கரின் சொல்லுக்காக மட்டும் செய்தார். “தம்பி, அம்மாளுக்கு முன்னால பொய்ப் படத்தை வைச்சிட்டுக் கதவு திறக்க ஏலாது” என்பதுதான் வண்ணக்கர் சொன்னது.

ஐந்தாம் நாள் காலை 5.30க்கு வண்ணக்கரும் பள்ளிவாசல் தலைவரும் பரிசோதகரும் இளைஞர் இருவரும் ஒன்றாக வாய்க்காலைப் பார்த்தார்கள். மதகில் இருந்து கீழ்நோக்கி 140 மீற்றரில் 23 பைகள். ஒவ்வொன்றும் திறந்து பார்த்துக் குறிக்கப்பட்டது. பதினான்கில் மாட்டிறைச்சி, கோழிக் கழிவு. ஒன்பதில் மீன் செதிலும், தமிழ் ஊர்ச் சந்தையின் அழுகிய மரக்கறியும். எல்லாம் ஒரே நீல நைலோன் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. மதகின் ஓரத்தில் உழவு இயந்திரப் பெட்டியின் சில்லுத் தடம் இருந்தது. இறைச்சிக் கடைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து வீசினார் என்ற கதை அங்கேயே முடிந்தது.

சபையின் வண்டித் தொழிலாளர் இருவர், ஒருவர் தமிழ் ஊர், மற்றவர் முஸ்லிம் ஊர், பரிசோதகரிடம் காரணத்தைச் சொன்னார்கள். சபைக்கு இரண்டு உழவு இயந்திரம். ஒன்று பழுது. குப்பை மேடு மேற்கே 11 கிலோமீற்றர். அங்கே மாலையானால் யானை வரும். இறைச்சிக் கடைகள் பகல் ஒரு மணிக்குப் பின்தான் கழிவைக் கொடுக்கும். இரண்டாவது சுற்று இரண்டரைக்குத் தொடங்கினால், மேட்டுக்குப் போய்க் கொட்டித் திரும்ப ஆறு மணி தாண்டும். சில நாட்கள் மதகடியில் இறக்கிவிட்டுப் போனார்கள். மேலதிகாரிக்குச் சொன்னார்களாம். எழுத்தில் எதுவும் இல்லை.

புதிய அறிக்கையை ஆறாம் நாள் காலை எழுதினார்கள். ஒரே பக்கம், ஏறத்தாழ 150 சொல். முதல் பந்தி இது:

“எமது கண்ணகி அம்மன் ஆலயத் தீர்த்தக் குளத்துக்கு நீர் வரும் வாய்க்காலில் ஆறு வாரங்களுக்கு மேலாகக் கழிவு கொட்டப்படுகிறது. பிரதேச சபைக்கு இரண்டு தடவை எழுதியும் பதில் இல்லை. சடங்குக்கு இன்னும் பதினொரு நாள் உள்ளது. வண்டிச் சுற்று நேரத்தை மாற்றி வாய்க்காலைத் துப்புரவாக்குமாறு ஆலய பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிர்வாக சபையும் சேர்ந்து கேட்கின்றன.”

அடுத்த பந்தியில் கடிதத் திகதிகள், பதிவுத் தபால் இலக்கம், பைகளின் எண்ணிக்கை. கடைசியில் தவறான படத்துக்கான வருத்தம் இரண்டு வரியில். வரலாறும் சமயப் பெருமையும் தவிர்க்கப்பட்டன. இணைத்த மூன்று படங்களின் கீழும் இடமும் நேரமும் எழுதப்பட்டன. ஓர் ஆளின் தொலைபேசி இலக்கம் மட்டும் கொடுக்கப்பட்டது. அவர் ஆசிரியர். பகல் 12 மணிக்கு முன் அனுப்பினார்கள். மாலையில் அனுப்பினால் பக்கம் கட்டுபவர் கடைசியில் இருந்தே வெட்டுவார், கேள்வி கேட்க எவருக்கும் நேரம் இருக்காது. மாவட்டச் செயலகத்துக்கும் பொலிசுக்கும் சிங்களத்தில் ஒரு பிரதி போனது. முதலில் வட்டமிட்டுக் காட்டிய முஸ்லிம் பக்கத்துக்கு அறிக்கையைப் பள்ளிவாசல் தலைவரே அனுப்பினார்.

அன்றே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுத்தார்கள். கேட்டவை மூன்று: இரண்டு மாதத்துக்கான வண்டிப் பதிவேடு, எரிபொருள் பதிவேடு, இரண்டு கடிதங்கள் மீதும் எடுத்த நடவடிக்கை. இந்தத் தடவை கிடைத்ததற்கான எழுத்து மூல ஒப்புகையை அங்கேயே வாங்கினார்கள்.

தொடர்ந்து நடந்தவை

நாளிதழ் மறுநாள் அறிக்கையை ஏறத்தாழ முழுமையாக வெளியிட்டது. வெட்டுவதற்கு அதில் அதிகம் இருக்கவில்லை. முஸ்லிம் பக்கம் முழுவதையும் போட்டது. தனது பழைய பதிவை மட்டும் நீக்கவில்லை. தமிழ் இணையத்தளம் படத்தை மாற்றியது, தலைப்பை விட்டுவிட்டது. இரண்டு தடவை எழுதியும் பயனில்லை.

எட்டாம் நாள் செயலாளர் நேரில் வந்தார். இறைச்சிக் கடைகளுக்கு மூடியுள்ள பீப்பாய் இரண்டு வீதம் வைத்து, முந்திய நாள் கழிவைக் காலை 9.30க்கு எடுப்பது என்று ஒழுங்கானது. பீப்பாயில் இரவு தங்குவதால் சுண்ணாம்பு தூவ வேண்டும் என்றார் பரிசோதகர். முதல் வாரம் தூவாமல் புழு வைத்தது, பின்னர் சரியாயிற்று. வாய்க்காலை இரு ஊரவரும் சிரமதானமாகத் துப்புரவு செய்தார்கள். இரண்டு நீர் இறைக்கும் இயந்திரம் வைத்து குளத்தில் பாதிக்கு மேல் இறைத்து, வாய்க்கால் தெளிந்த பின் புதுத் தண்ணீர் விடப்பட்டது. கதவு உரிய நாளில் திறந்தது.

தகவல் உரிமை விண்ணப்பத்துக்கான முடிவு 13ஆம் வேலை நாளில் வந்தது. சட்டம் தரும் அவகாசம் 14 வேலை நாள். பதிவேட்டுப் பிரதி அதற்குப் பிறகு ஒன்பது நாளில் கிடைத்தது. எட்டு வாரத்தில் பதினேழு நாட்கள் இரண்டாவது சுற்றுக்கு மேடு வரை போகுமளவு எரிபொருள் எழுதப்படவில்லை. முதல் கடிதம் பதிவாகவே இல்லை. இரண்டாவது பதிவாகி, உரியவரிடம் போகாமல் கோப்பில் இருந்தது.

ஆலைக்கு எட்டுப் பெண்கள் திரும்பினார்கள். மூவருக்குப் பதிலாக ஏற்கெனவே வேறு ஆட்கள் எடுக்கப்பட்டிருந்தார்கள். புடவை வியாபாரி சடங்குச் சந்தைக்கு வந்தார். மரக்கறி வியாபாரிகளில் ஒருவர் வேறு சந்தைக்குப் போய்விட்டார்.

மீண்டும் நடந்தால் எதை மாற்றுவது

முதல் கடிதத்துடன் ஒரு பிரதி கொண்டுபோய் முத்திரை வாங்கியிருந்தால், முதல் நாள் செய்தியிலேயே சபை பதில் சொல்லவேண்டி வந்திருக்கும். மற்ற எல்லாவற்றையும்விட இந்தச் சிறு தவறு பெரிய விலை வாங்கியது. பதில் வராமல் இரண்டு வாரம் கடந்ததும் பரிசோதகரிடமும் பள்ளிவாசலிடமும் போயிருக்கவேண்டும். பைகளைத் திறந்து பார்ப்பது காணொளி எடுப்பதற்கு முன் நடந்திருக்கவேண்டும்.

அறிக்கையில் முதல் மூன்று வரிக்குள் இடம், நாள், பொறுப்பான அலுவலகம், கேட்கும் பரிகாரம் நான்கும் வராவிட்டால் வெளியே விடவேண்டாம் என்று ஆலய சபை இப்போது விதி வைத்திருக்கிறது. சமய உணர்வை எழுதக்கூடாது என்பதல்ல. குளம் புனிதமானது என்ற ஒரு வரி இரண்டாவது அறிக்கையிலும் இருந்தது. அது எவரையும் சுடவில்லை. அந்த மூன்று பெண்களின் கூலிக்கு ஈடு கொடுப்பது பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் பேசாதது பெரிய குறை. ஆலய நிதியில் இருந்து அதைச் செய்திருக்கலாம்.

ஊடகத்தோடு சண்டை பிடித்ததைவிட, செய்தி வெட்டப்பட்ட செய்தியாளரைத் தொடர்ந்து அழைத்ததே பலன் தந்தது. வெளியாகும் செய்திக்கு மட்டும் சிறு தொகை பெறும் பிராந்தியச் செய்தியாளருக்கு, பதிவேட்டுப் பிரதி என்பது அடுத்த செய்தி. அதை அவர் எழுதினார். அந்தத் தடவை தலைப்பில் ‘பதற்றம்’ இல்லை, ‘எரிபொருள்’ இருந்தது.

மாட்டுத் தலைப் படம் ஆடியில் இன்னொரு ஊரின் பெயரோடு மறுபடியும் சுற்றியது. இளைஞர் அணியின் பொறுப்பாளரே முதலில் கண்டு, இது எங்கள் ஊரில் தவறாகப் போட்ட படம் என்று அதன் கீழ் எழுதினார். அவர் இப்போது வெளிநாடு போய்விட்டார். அந்த வேலையை வேறு எவரும் இன்னும் பொறுப்பெடுக்கவில்லை.